1970, காலை ஒன்பது மணி

இந்தக் கட்டடம் மண்ணில் நிற்கவில்லை,
கான்கிரீட் கால்களில் நிற்கிறது.
கால்கள் உறைந்த சேற்றில்.
சேறு உறைந்தே இருக்கும் என்ற நம்பிக்கையில்
ஐந்து மாடி, எழுபது அடுப்பு, ஒரு பியானோ.

யாகூத்ஸ்கில் எல்லாக் கட்டடமும் அப்படித்தான்.
அடியில் குனிந்து போக வேண்டும்.
மைனஸ் நாற்பத்தாறில்
விட்ட மூச்சு புருவத்துக்கே திரும்பி வந்து வெளுக்கும்.
போன கோடையில் பத்து மீட்டர் குழாய் இறக்கி
கறுப்பு வயரில் பன்னிரண்டு உணரிகளைக் கோத்துவிட்டேன்.
பத்து நிமிடத்துக்கு ஒரு தரம்
உள்ளங்கையளவு பலகை ஒன்று
ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடும்
(பதினாறு எழுத்துப் பெயர்கள், ஒன்றும் வாயில் நுழையாது),
சொன்னதை அலுவலகத் தரவுத்தளத்தில் எழுதும்:
நேரம், ஆழம், வெப்பநிலை.
மண் பேசுவது இவ்வளவுதான்.

டிசம்பரில் பாதி ஊருக்கு மின்சாரம் போனது.
திரும்பி வந்ததும் பலகை விழித்தது.
முதல் சுற்றில் பன்னிரண்டும் ஒரே குரலில்
எண்பத்தைந்து டிகிரி என்றன.
தூக்கக் கலக்கத்து உளறல், தெரிந்ததுதான்;
அளந்து பார்க்குமுன்னே வாயில் வந்துவிடும் பதில்.
நான் திடுக்கிட்டது தேதியைப் பார்த்து.
கடிகாரத்தின் பொத்தான் பேட்டரி குளிரில் செத்துப்போய்
வரிகளெல்லாம்
1970 ஜனவரி 1, காலை ஒன்பதிலிருந்து
வரிசை கட்டி நின்றன.

கணினிகளுக்கு அதுதான் முதல் நொடி.
கிரீனிச்சில் நள்ளிரவு.
எங்களுக்கு அப்போதே விடிந்து ஒன்பது மணி.

கட்டடத்தின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன்.
ஆமாம், இங்கே கட்டடத்துக்கும் பாஸ்போர்ட் உண்டு.
கால்கள் அடித்தது: 1970 பிப்ரவரி.
ஏழாவது மீட்டரில் மண்: மைனஸ் நான்கு புள்ளி ஒன்று.
பென்சிலில். கீழே போரிசவா என்று ஒரு கையெழுத்து.

என் வரியில் அதே ஆழம், அதே ஆண்டு.
மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது.

டீ ஆறிப்போனது.
பின்னாளில் எவராவது வரைபடம் போட்டால்
அரை நூற்றாண்டாக ஒன்றுமே மாறவில்லை என்று
ஒரு நேர்கோடு சத்தியம் செய்யும்.
ஒரு டிகிரிகூடப் பொய் சொல்லாத கருவி
பொய்சாட்சி சொல்லும்.

ஆறு நாள் வரிகள்.
பத்தாயிரத்து முந்நூற்று அறுபத்தெட்டு.
அழிக்க ஒரு வாக்கியம் போதும்.
நகர்த்தவும் ஒரு வாக்கியம் போதும்,
எவ்வளவு நகர்த்துவது என்று தெரிந்தால்.
மின்சாரம் எப்போது வந்தது?
மின் அலுவலகத்தில் கேட்டேன். ‘அதிகாலை’ என்றார்கள்.
அதிகாலையை எப்படிக் கூட்டுவது?

தரைத்தளத்துக் குன்னேய் கதவைத் திறந்தாள்.
பஸ் டிப்போவில் முதல் வண்டியை அனுப்புகிறவள்.
“பதினொன்றாம் தேதி, நாலு பதினேழு.
ரேடியோ தானாகப் பேசத் தொடங்கியது.”
“இவ்வளவு சரியாகவா?”
“நிமிஷத்துக்குத்தானே எனக்குச் சம்பளம்.”

அவள் சமையலறைச் சுவரில் ஒரு விரிசல்.
குறுக்கே ஒட்டிய காகிதப் பட்டை,
அதில் அக்டோபர் மூன்று என்று எழுதியிருந்தது.
நடுவில் கிழிந்திருந்தது,
ஒரு மயிரிழை.

அதற்கு வயர் இல்லை, பேட்டரி இல்லை.
எப்போது கிழிந்தது என்று அதுவும் சொல்லவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து
வரிகளை இந்த டிசம்பருக்கு இழுத்து வந்தேன்.
எண்பத்தைந்துகளின் இடத்தில் எண் எழுதவில்லை.
பூஜ்யமும் எழுதவில்லை. பூஜ்யம் ஒரு வெப்பநிலை;
அதிலும் இந்த ஊரில்
எல்லோரும் பயப்படும் வெப்பநிலை.
வெற்றிடமாகவே விட்டேன்.

திரும்பிப் போனபோது குன்னேய்
மாவுப் பசை கிண்டிப் புதுப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள்.
பேனாவை என்னிடம் நீட்டினாள்.
“தேதியை நீயே எழுது.”

கைபேசியைப் பார்த்தேன்.
நம்பாமல்
அவள் சுவர்க்காலண்டரையும்.